ஜாக் லெவின் யார்? அவரை ஏன் நையாண்டி ஓவியர் என்கிறார்கள்?

லித்துவேனியாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில், எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டியாக 1915-இல் பாஸ்டனில் பிறந்தவர் ஜாக் லெவின். தந்தை காலணித் தொழிலாளி. சிறுவனின் திறமையைக் கண்ட ஹார்வர்டு பேராசிரியர் டென்மன் ராஸ் அவருக்குப் பண உதவி செய்து, பயிற்சியும் அளித்தார்.

1930-களின் கடும் பொருளாதார வீழ்ச்சியான பெருமந்தக் காலத்தில் அரசின் கலைத் திட்டத்தில் சம்பளம் பெற்றபடி, 1937-இல் 'தூய அறிவின் விருந்து' என்ற ஓவியத்தை வரைந்தார். ஒரு போலீஸ்காரர், ஓர் அரசியல்வாதி, ஒரு பணக்காரர் ஆகிய மூவரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கிறார்கள். ஊதிப்போன முகங்கள், கலங்கிய வண்ணங்கள். ஊரை யார் ஆள்கிறார்கள் என்பதை அந்த மேசையே சொல்லிவிடுகிறது. அப்போது அவருக்கு வயது 22தான்!

இரண்டாம் உலகப் போரில் படையில் பணியாற்றித் திரும்பியதும் 'வருக இல்லத்துக்கு' (1946) என்ற ஓவியத்தை வரைந்தார். ஆடம்பர விருந்தில் உண்டு கொழுக்கும் ஒரு தளபதியின் படம் அது. 1959-இல் மாஸ்கோவில் நடந்த அமெரிக்கக் கண்காட்சிக்கு அது சென்றபோது பெரும் சர்ச்சை எழுந்தது. முன்னாள் தளபதியான அதிபர் ஐசனோவரே, அது கலையைவிடக் கேலிச்சித்திரம் போலத்தான் இருக்கிறது என்றார். என்னைக் கேட்டால், படம் குறி தவறவில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

தந்தை இறந்தபின் விவிலிய அரசர்களையும் யூத ஞானிகளையும் சிறு ஓவியங்களாக வரைந்தார். அவற்றில் கேலி இல்லை, கனிவு மட்டுமே இருக்கிறது. அவற்றையும் அவசியம் பாருங்கள்.

உருவங்களைக் காட்டாத அரூப ஓவியம் அமெரிக்காவை ஆட்கொண்ட பிறகும் அவர் மனித முகங்களை விடவில்லை. 2010-இல், 95 வயதில் நியூயார்க்கில் காலமானார்.