ஜேன் ஆஸ்டின் கதைகளை வைத்து மற்றவர்கள் எழுதியதைப் படிக்கலாமா?

ஆங்கில எழுத்தாளர் ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலைப் படித்து முடித்த கையோடு அதன் தொடர்ச்சிகள், ரசிகர் கதைகள், தழுவல்கள் பக்கம் போகலாமா, மூலத்தின் ருசி கெட்டுவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போகலாம். இதை ஆரம்பித்து வைத்ததே ஜேன் ஆஸ்டின்தான். கதை முடிந்த பிறகு யாருக்கு என்ன ஆயிற்று என்று வீட்டுப் பிள்ளைகள் கேட்டால் அவர் சொல்வாராம். நாயகி எலிசபெத்தின் தங்கை கிட்டி, நாயகன் டார்சியின் மாளிகையான பெம்பர்லி பக்கத்தில் ஒரு பாதிரியாரைக் கட்டிக்கொண்டாள் என்ற தகவல் நாவலில் கிடையாது. அவருடைய அண்ணன் மகன் எழுதிய நினைவுக் குறிப்பில்தான் இருக்கிறது. 1813 மே மாதம் லண்டனில் ஓவியக் கண்காட்சிக்குப் போனபோது, டார்சியின் நண்பன் பிங்லியின் மனைவியை (எலிசபெத்தின் அக்காவை) அப்படியே வரைந்ததுபோல் ஒரு படம் கண்டேன், வெள்ளை உடையில் இருக்கிறாள் என்று அக்காவுக்குக் கடிதம் எழுதுகிறார். டார்சியின் மனைவி எலிசபெத் மஞ்சள் உடுத்தியிருப்பாள் என்பது அவருடைய ஊகம். புத்தகம் வந்து நாலு மாதமாகியும் அந்தப் பெண்களை விட்டுவிட அவருக்கே மனசில்லை!

பிறகு 1850இல் அவருடைய அண்ணன் மகள் கேத்தரின் ஹப்பக், அத்தை பாதியில் விட்ட ஒரு கதையை முடித்து நாவலாக்கினார். 1913இல் சிபில் பிரின்டன் ஆறு நாவல்களின் பாத்திரங்களையும் ஒரே கதையில் சந்திக்க வைத்தார். இன்று இணையத்தில் ‘டார்சியின் கடிதத்தை எலிசபெத் வாங்காமல் போயிருந்தால்?’ என்று எழுதுபவர்கள் இந்த வரிசையில் வந்தவர்கள்தான்.

சரி, எது நல்லது? நான் முதலில் பார்ப்பது காசுக் கணக்கை. நடன விருந்து, குதிரை வண்டி, டார்சியின் விறைப்பு, இதையெல்லாம் யாரும் கொண்டுவந்துவிடலாம். ஆனால் மூலத்தில் எலிசபெத்தின் பென்னட் குடும்பத்துக்கு வருடம் 2,000 பவுண்டு வருமானம். ஆண் வாரிசு இல்லாததால் அப்பா கண்ணை மூடினால் வீடும் நிலமும் உறவுக்காரர் காலின்ஸுக்கு. எலிசபெத்தைப் பெண் கேட்கும்போதே காலின்ஸ், உனக்கு வரப்போவது 1,000 பவுண்டுதான், அதுவும் அம்மா காலத்துக்கு அப்புறம்தான் என்று சொல்லிக்காட்டுகிறார். அதைக் கேட்டும் எலிசபெத் மாட்டேன் என்கிறாள். அதில் எவ்வளவு துணிச்சல்! அவளுடைய தோழி, 27 வயது ஷார்லட் அதே ஆளுக்குச் சரி சொல்வதும் இந்தக் கணக்கு தெரிந்தால்தான் புரியும். இந்தக் கவலையைத் துடைத்துவிட்டு வெறும் காதலை மட்டும் வைத்திருக்கும் கதைகளை நான் பாதியிலேயே மூடிவிடுவேன்.

‘தி லிஸி பென்னட் டைரீஸ்’ என்ற யூடியூப் தொடர் (2012–13) இதைச் சரியாகப் பிடித்தது. அதில் காலின்ஸ் கேட்பது கல்யாணம் இல்லை, தன் கம்பெனியில் சேரச் சொல்கிறார். லிஸி (இந்தக் கால எலிசபெத்) மறுக்கிறாள், ஷார்லட் சேர்ந்துவிடுகிறாள். இன்றைய அமெரிக்காவில் படிப்புக் கடன் இருக்கும் பெண்ணுக்கு அந்த வேலைதான் அன்றைய வரன்.

நம் பக்கத்தில் ராஜீவ் மேனனின் ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ (2000) இருக்கிறது, ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’யின் தழுவல். பாட்டுக்காகவே எல்லோரும் நினைவு வைத்திருக்கிறோம். எனக்குப் பிடித்தது, வீடு கைவிட்டுப் போய் அம்மாவும் மூன்று பெண்களும் சென்னையில் வேலை தேடி அலையும் பகுதி. காதலுக்கு அடியில் இருக்கும் அந்தப் பயத்தைப் படம் தொலைக்கவில்லை.

ஒன்றே ஒன்று படிக்க நேரம் இருக்கிறதென்றால் ஜோ பேக்கரின் ‘லாங்போர்ன்’ (2013) எடுங்கள். பென்னட் வீட்டு வேலைக்காரர்களின் கதை. மூலத்தில் எலிசபெத் நோயாளி அக்காவைப் பார்க்க மூன்று மைல் நடந்து போவாள். உள்பாவாடையில் ஆறு அங்குலம் சேறு என்று பிங்லியின் சகோதரிகள் பழிப்பார்கள். நாமும் அவள் பக்கம் நின்று ரசித்திருப்போம். இங்கே அந்தச் சேற்றைத் துவைக்கிறவள் சாரா, குளிரில் கை வெடித்துப்போன வேலைக்காரப் பெண். மழையில் மற்றவர்கள் வெளியே போக முடியாதபோது நடனத்துக்குக் காலணியில் வைக்கும் அலங்காரப் பூக்களை யாரையோ அனுப்பி வாங்கினார்கள் என்று ஆஸ்டின் ஒரு வரியில் கடந்துபோவார். அந்த ‘யாரோ’ நனைந்துகொண்டு போனதை பேக்கர் எழுதுகிறார்.

மூல நாவல் மனதில் பசுமையாக இருக்கும்போதே இதைப் படித்துவிடுங்கள். அத்தியாயங்களின் தலையில் மூலத்திலிருந்து ஒரு வரி இருக்கும், எந்த இடம் என்று சட்டென்று பிடிபடும்.