நன்றாக வேலை பார்த்தவர் திடீரென்று தடுமாறினால்

கேள்வி: நான் டீம் லீடராகி எட்டு மாதம் ஆகிறது. மூன்று வருடமாக நன்றாக வேலை பார்த்த ஒருவர், இரண்டு மாதமாக எல்லாவற்றையும் தாமதமாகவே முடிக்கிறார். மீட்டிங்கில் வாயே திறப்பதில்லை. வெளியிலிருந்து ஒரு கோச்சை, அதாவது ஊழியரிடம் தனியாகப் பேசி வழிகாட்டுபவரை, வரவழைக்கலாம் என்கிறார்கள் எச்.ஆர். நானே பேசிப் பார்க்கட்டுமா?

பதில்: நீங்களே பேசுங்கள், இந்த வாரமே. வருடாந்திர மதிப்பீடு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பிப்ரவரியில் நடந்த தவறை டிசம்பரில் சொல்லி யாரும் திருந்தியதை நான் பார்த்ததில்லை. ஆனாலும் நிறுவனங்கள் அந்தப் படிவத்தைக் கட்டிக்கொண்டு அழுகின்றன.

'உங்களுக்கு முன்பு போல ஆர்வம் இல்லை' என்று ஆரம்பித்தால் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார். 'செவ்வாய்க்கிழமை வர வேண்டிய ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை வந்தது, நடுவில் என்ன ஆயிற்று?' என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். க்ளூகர், டெனிசி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் அதுவரை நடந்த ஏராளமான சோதனைகளைத் தொகுத்து 1996இல் ஒரு கணக்குப் போட்டார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட முடிவுகளில், குறைநிறை சொன்ன பிறகு வேலை மோசமாகியிருந்தது! பேச்சு வேலையை விட்டு ஆளின் மேல் திரும்பினால் கெடுதல் என்பது அவர்கள் தந்த விளக்கம்.

வேலை தெரியவில்லை என்றால் கற்றுக்கொடுங்கள். பெரும்பாலும் அது இருக்காது. இரண்டு பேர் இரண்டு பக்கம் இழுப்பார்கள், அல்லது இன்னொரு துறை தகவல் தராமல் இழுத்தடிக்கும். அதைச் சரிசெய்வது உங்கள் வேலை, அவருடையதல்ல. அப்புறம், அடுத்து என்ன செய்யப்போகிறார், எப்போதைக்குள் என்பதை அவரே சொல்லட்டும். வாரம் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து அதை மட்டும் பாருங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு. யாரோ தன்னை அவமானப்படுத்துகிறார், தொந்தரவு செய்கிறார் என்று அவர் சொன்னால் ஆலோசனையை அந்த நிமிடமே நிறுத்துங்கள். 'நீங்கள் கொஞ்சம் அனுசரித்துப் போங்கள்' என்று சொல்லவே கூடாது. 'அவர் சுபாவம் அப்படி' என்பதும் கூடாது. இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்துச் சமாதானம் பேசுவது இன்னும் மோசம். அது புகார். அவர் சொன்னதைச் சொன்னபடி தேதியோடு எழுதி, புகார் விசாரிக்கும் பொறுப்பில் உள்ளவரிடம் அன்றே கொடுங்கள். இதை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதீர்கள்.

சரி, கோச் விஷயம். கோச் என்று போர்டு மாட்டப் பெரும்பாலான நாடுகளில் எந்த உரிமமும் தேவையில்லை. சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பான ஐ.சி.எஃப். தன் ஆரம்ப நிலைச் சான்றுக்கே 60 மணி நேரப் படிப்பும் 100 மணி நேர அனுபவமும் கேட்கிறது. சனி, ஞாயிறு வகுப்பு முடித்தவர்களும் அதே 'கோச்' என்ற பெயரைப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். ஆளைப் பார்க்கும் முன்பே 'ஆளுமைச் சோதனை' ஒன்றை விற்கிறவரைத் திருப்பி அனுப்புங்கள். தாமதமான ரிப்போர்ட்டுக்குக் காரணம் அதில் கிடைக்காது. எச்.ஆர். பிடிவாதம் பிடித்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: உங்கள் ஆள் கோச்சிடம் பேசுவது யாருக்குப் போகும்? எழுத்தில் பதில் வரும்வரை அவரை அந்த அறைக்குள் அனுப்பாதீர்கள்.