பிறவியிலேயே பித்தப்பை இல்லாமல் இருக்குமா?

இருக்கும். எனக்கே இல்லை, முப்பத்தாறு வயதில்தான் அது தெரிந்தது. உங்கள் அக்காவுக்கு ஒரு ஸ்கேனில் 'சுருங்கிய பித்தப்பை, கல்' என்று எழுதி ஆபரேஷனுக்குத் தேதியும் கொடுத்தாயிற்று, இன்னொரு ஸ்கேனில் பித்தப்பையே தெரியவில்லை என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அச்சு அசல் இப்படித்தான் நடந்தது.

சாப்பிட்டால் வலது விலாவுக்குக் கீழே பிடித்து இழுக்கும், முதுகு வரை போகும். முதல் நாள் டீ குடித்துவிட்டுப் போனதால், சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும், மறுநாள் வெறும் வயிற்றில் வாருங்கள் என்றார்கள். மறுநாள் மூச்சை இழுத்துப் பிடி, இடப்பக்கம் ஒருக்களித்துப் படு என்று சொல்லிச் சொல்லி கால் மணி நேரம் தேடிவிட்டு, கடைசியில் 'சுருங்கிய பித்தப்பை, கற்கள்' என்றே எழுதினார்கள். பக்கத்துக் குடலில் உள்ள காற்றும் கல் மாதிரியே நிழல் காட்டுமாம்.

நல்லவேளை, சர்ஜன் எம்ஆர்சிபி, அதாவது பித்தம் ஓடும் குழாய்களைக் காட்டும் எம்ஆர்ஐ ஸ்கேன், எடுக்கச் சொன்னார். கறுப்புப் படத்தில் பித்தநாளங்கள் இலை உதிர்ந்த கிளை மாதிரி வெள்ளையாகத் தெரிந்தன, பை தொங்க வேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. கருவின் நான்காவது வாரத்தில் பித்தப்பையாக வளர வேண்டிய சின்ன மொட்டு வளராமல் போவதால் வருவது இது. லட்சம் பேரில் 10 முதல் 65 பேருக்கு இப்படி இருக்கலாம் என்கிறார்கள். சிலருக்குப் பை கல்லீரலுக்குள்ளேயோ இடப்பக்கமோ இருப்பதும் உண்டு, அதைத் தேடவும் எம்ஆர்சிபிதான் உதவும். இது தெரியாமல் லேப்ராஸ்கோபியில் (சின்னத் துளை வழியாகச் செய்யும் ஆபரேஷன்) இறங்கி, இல்லாத பையைத் தேடப் போனால் பித்தநாளம் காயப்படும் ஆபத்து இருக்கிறது. எனக்கு இன்றைக்கும் நினைத்தால் பகீரென்கிறது.

சரி, பை இல்லாமல் வாழலாமா? தாராளமாக. பித்தத்தைச் சுரப்பது கல்லீரல், பை அதைச் சேமித்து வைக்கிற இடம்தான். தொந்தரவே இல்லாதவர்களுக்கு வைத்தியமே தேவையில்லை. எனக்கு வலி வரும்போது தசைப்பிடிப்பைத் தளர்த்தும் மாத்திரை, எண்ணெய்ப் பலகாரம் குறைவு, அவ்வளவுதான். மாத்திரைக்கு அடங்காத சிலருக்கு எண்டோஸ்கோப்பி வழியாகப் பித்தநாளத்தின் வாயைச் சற்றுத் திறந்துவிடுவார்கள். ஆனால் பை இல்லாவிட்டாலும் பித்தநாளத்திலேயே கல் வரலாம். கண் மஞ்சளானாலோ, வலியோடு குளிர்காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

அப்புறம், எம்ஆர்சிபி ரிப்போர்ட்டைப் போனில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். போன வருஷம் வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனிலும் எனக்கு 'சுருங்கிய பித்தப்பை' என்றுதான் எழுதினார்கள். இப்போதைக்கு இரண்டு ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு சர்ஜனை நேரில் பாருங்கள், எம்ஆர்சிபி பார்த்த பிறகு ஆபரேஷன் தேதியை முடிவு செய்யலாமா என்று கேளுங்கள்.