காலையில் வெயில், மதியம் ஆலங்கட்டி

கேள்வி: நான்கு பருவங்களும் தனித்தனியாகத் தெரியும் குளிர்நாட்டில் வசிக்கிறேன். குளிர்காலத்தை எப்படியோ ஓட்டிவிடுகிறேன். மார்ச் பிறந்ததும்தான் எரிச்சல் தொடங்குகிறது. காலையில் பளிச்சென்று வெயில் அடிக்கும். நம்பிக் கிளம்பினால் மதியம் ஆலங்கட்டி மழை. மாலையில் ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி வெயில். வார இறுதிக்குப் போடும் திட்டம் எதுவும் நிறைவேறுவதில்லை. நாள் முழுக்கக் கைப்பேசியில் வானிலையைப் பார்த்தபடியே இருக்கிறேன். “வசந்தத்தை ரசிக்கத் தெரியவில்லையே உனக்கு” என்கிறார் கணவர். இந்தத் தடுமாறும் பருவத்தை ரசிக்கக் கற்றுக்கொள்ள முடியுமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

ஆலங்கட்டி உச்சந்தலையில் விழுகிற நேரத்தில் யாருக்கும் ரசனை பொங்காது. உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். ரசி என்று சொன்னால் ரசனை வந்துவிடுமா என்ன?

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். மழையும் குளிரும் உங்களுக்குப் புதிதல்ல. குளிர்காலம் முழுக்க அவற்றோடுதான் இருந்தீர்கள். இப்போது உங்களைச் சுடுவது ஏமாற்றம். நாட்காட்டி மார்ச் என்று காட்டியதும் வானம் நமக்கு ஏதோ வாக்குக் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். வானிலைத் துறையினர் கணக்கு வசதிக்காக மார்ச் 1 முதல் வசந்தம் என்கிறார்கள். வானியல் கணக்குப்படி, மார்ச் 20-ஐ ஒட்டிப் பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாகும் நாளில் அது தொடங்குகிறது. எந்தக் கணக்கும் பின்பனியை விரட்டிவிடாது.

மார்ச் 20 வாக்கில் நண்பகல் சூரியன் நிற்கும் அதே உயரத்தில்தான் செப்டம்பர் 22 வாக்கிலும் நிற்கிறது. செப்டம்பரில் இதமாக இருக்கும் ஊர் மார்ச்சில் நடுங்குவது ஏன்? கடல்தான் முக்கியக் காரணம். கோடை முழுக்கச் சேமித்த வெப்பம் செப்டம்பரில் கடல்நீரில் மிச்சம் இருக்கும். மார்ச்சில் அந்தக் கையிருப்பு தீர்ந்துபோயிருக்கும். வட பகுதிக் கடல்கள் ஆண்டிலேயே மிகவும் குளிர்ந்து கிடப்பது பிப்ரவரிக் கடைசியிலும் மார்ச்சிலும்தான். தலைக்கு மேலே சில கிலோமீட்டர் உயரத்தில் குளிர்காலத்துக் காற்றும் இன்னும் இடத்தைக் காலி செய்திருக்காது. இந்த நிலையில் வலுவடைந்துவரும் வெயில் தரையை மட்டும் சூடாக்குகிறது. கீழே சூடு, மேலே கடுங்குளிர். தரையை ஒட்டிய காற்று விறுவிறுவென்று மேலேறுகிறது, குளிர்ந்து மேகமாகிறது, மழையாகவோ ஆலங்கட்டியாகவோ திரும்பி விழுகிறது. உங்களை நம்பவைத்துக் கழுத்தறுத்ததாக நீங்கள் நினைக்கும் அந்தக் காலை வெயில்தான் மதிய ஆலங்கட்டியைத் தயாரித்தது. சாயங்காலம் வெயில் தணிந்ததும் மேலேறும் காற்று அடங்குகிறது, மேகங்கள் கரைகின்றன. நீங்கள் எழுதியிருக்கும் காலை, மதியம், மாலை வரிசை வானத்தின் கிறுக்குத்தனம் அல்ல. ஒழுங்கான ஒரு நாள்கூலி வேலை.

இதிலிருந்து நான் சொல்ல வரும் யோசனை ஒன்றுதான்: இந்தப் பருவத்தில் நாளைத் திட்டமிடாதீர்கள், மணியைத் திட்டமிடுங்கள். “சனிக்கிழமை முழுவதும் வெளியே” என்ற திட்டம் தோற்கத்தான் செய்யும். “சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை நடை, அதற்குப் பிறகு வானம் விட்ட வழி” என்பது பெரும்பாலும் பலிக்கும். ஜூலை மாதத்தில் ஒரு பகலை மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். மார்ச்சில் சில்லறையாகத்தான் கிடைக்கும்.

அதற்கு நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது இரண்டு வகை மழையைப் பிரித்தறிவதை. வானம் ஒரே சாம்பல் நிறப் போர்வையாகக் கவிந்து, மேகத்துக்கு விளிம்பே தெரியாமல் நசநசவென்று பெய்தால், அது பெரிய காற்றழுத்த அமைப்போடு வரும் மழை. பல மணி நேரம் நிற்காது. அன்றைக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்காருங்கள், வருத்தமே வேண்டாம். மாறாக, மேகங்கள் தனித்தனிக் குவியல்களாக இருந்து, நடுநடுவே நீலம் தெரிந்து, அடிப்பாகம் மட்டும் கறுத்துத் தட்டையாக இருந்தால், வருவது ஓடும் மழை. பெரும்பாலும் கால் மணி, அரை மணியில் கடந்துவிடும். தூரத்தில் அந்தக் கறுப்பு அடிப்பாகத்திலிருந்து சாய்வாகத் தொங்கும் மழைத்தாரைகள் கண்ணுக்கே தெரியும். காற்று அவற்றை உங்கள் பக்கம் தள்ளுகிறதா, வேறு பக்கமா என்று பாருங்கள். சட்டென்று ஒரு குளிர்காற்று முகத்தில் மோதினால் மழை வாசலுக்கு வந்துவிட்டது என்று பொருள். அப்போது ஏதாவது ஒரு கூரையின் கீழ் ஒதுங்கிக்கொள்ளுங்கள். இடி கேட்டால் மரத்தடி வேண்டாம், கட்டடத்துக்குள்ளேயே போய்விடுங்கள்.

மழை கடந்ததும் சூரியனுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். கோடையில் கிடைக்காத ஒரு சலுகை அங்கே இருக்கிறது. சூரியன் அடிவானத்திலிருந்து 42 பாகை உயரத்துக்குக் கீழே இருந்தால்தான் தரையில் நிற்பவருக்கு வானவில் தெரியும். கோடையில் உச்சிவேளைச் சூரியன் அதைவிட உயரத்தில் இருப்பதால் காலையிலும் மாலையிலும்தான் வாய்ப்பு. மார்ச் 20-ல், நிலநடுக்கோட்டுக்கு 50 பாகை வடக்கே உள்ள ஊரில், நண்பகலில்கூடச் சூரியன் 40 பாகைக்கு மேல் ஏறாது. அதாவது பகலின் எந்த நேரத்திலும் வானவில் வரலாம், வடக்கே அடிவானத்தை ஒட்டிய மெல்லிய கீற்றாகவாவது. அதற்கு வேண்டியது வெயிலும் மழையும் அடுத்தடுத்து வருகிற, நீங்கள் திட்டிக்கொண்டிருக்கும் அதே வானிலைதான்.

கைப்பேசிக்கு வருகிறேன். 1961-ல் எட்வர்ட் லோரென்ஸ் என்ற அமெரிக்க வானிலை அறிஞர், கணினிக்குள் 0.506127 என்று இருந்த ஓர் எண்ணை 0.506 என்று சுருக்கிக் கொடுத்து மறுபடி கணக்குப் போட்டார். கொஞ்ச தூரம் ஒத்துப்போன விடை, பிறகு சம்பந்தமே இல்லாத வேறொரு வானிலையாக மாறிவிட்டது. வானிலையைப் பல வாரங்களுக்கு முன்பே துல்லியமாகச் சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான். முன்னறிவிப்பாளர்களின் திறமைக் குறைவு அல்ல. ஓடும் மழையில் சிக்கல் இன்னும் கூடுதல்: பக்கத்துத் தெரு நனையும், உங்கள் தெரு காயும். எனவே காலையில் ஒருமுறை பாருங்கள், எந்த வகை மழை, காற்று எவ்வளவு என்று. கிளம்பும் முன் மழை ரேடார் படத்தை ஒருமுறை பாருங்கள். அதோடு பையில் போட்டுவிடுங்கள். பத்து நாள் கழித்து வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு அங்கே போட்டிருக்கும் குட்டிச் சூரியன் படத்துக்கு ஓர் அலங்காரத்தின் மதிப்புதான்.

உடையில் பலரும் வெப்பநிலையை மட்டும் பார்த்து மோசம் போகிறார்கள். 5 பாகை செல்சியஸில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று வீசினால் உடலுக்கு அது ஏறக்குறைய 0 பாகை. ஆகவே கனமான ஒரே கோட்டைவிட, காற்றும் நீரும் புகாத மெல்லிய மேலுடையும் அதன் உள்ளே கழற்றி மாட்டத்தக்க ஒரு கம்பளிச் சட்டையும் போதும். உள்ளே பருத்தி வேண்டாம், வியர்வையைப் பிடித்துவைத்துப் பிறகு குளிரவைக்கும். காலணி நனையாததாக இருக்கட்டும். குடையைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. மார்ச் காற்றில் அது உங்களைக் காப்பாற்றுவதைவிட நீங்கள் அதைக் காப்பாற்றும் நேரமே அதிகம்.

ரசனை எங்கிருந்து வரும் என்றால், என் அனுபவத்தில், ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதில்தான். வசந்தத்தின் தொடக்கத்தில் தரையை ஒட்டிப் பூக்கும் குரோக்கஸ் பூக்கள் எங்கே முளைக்கின்றன என்று தேடிவைத்துக்கொள்ளுங்கள். மேகம் மறைத்திருக்கும்போது அவை பென்சில் முனைபோல் கூம்பி நிற்கும். வெயில் பட்டுச் சற்றே வெதுவெதுப்பானதும் இதழ்கள் விரிந்து நடுவே ஆரஞ்சு நிறச் சூலகமுடி தெரியும். மறுபடி குளிர்ந்தால் மூடிக்கொள்ளும். வெப்பத்தால் இதழின் உட்பக்கம் வெளிப்பக்கத்தைவிட வேகமாக வளர்வதால்தான் இந்தத் திறப்பு. வெயில் வந்துபோகும் ஒரு மதியத்தில் அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பாருங்கள்.

எழுதிவைக்கும் பழக்கம் இருந்தால் இன்னும் நல்லது. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ராபர்ட் மார்ஷம் என்ற நிலக்கிழார் 1736-ல் தொடங்கி, முதல் பூ, முதல் இலை, முதல் குயிலோசை என்று வசந்தத்தின் அடையாளங்களைத் தேதியோடு குறித்துவந்தார். அவர் காலத்துக்குப் பிறகு குடும்பத்தார் 1958 வரை அதைத் தொடர்ந்தார்கள். இன்று பருவநிலை ஆய்வாளர்களுக்கு அது பெரிய சொத்து. உங்களுக்கு அவ்வளவு லட்சியம் வேண்டாம், ஒரு வரி போதும். மார்ச் பிற்பகுதியில் நிலநடுக்கோட்டுக்கு 50 பாகை வடக்கே உள்ள ஊர்களில் பகல் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 4 நிமிடம் நீள்கிறது. வாரத்துக்கு அரை மணி நேரத்துக்குச் சற்றே குறைவு. மழை பெய்தாலும் இந்த வரவு நிற்பதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் சில நாட்கள் வெறுமனே மோசமாகத்தான் இருக்கும். அவற்றையும் ரசித்தே தீர வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

கடிதத்தின் ஓரத்தில், வீட்டுக்குள் வளர்த்த நாற்றுத் தொட்டிகளை வெளியே வைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பகலில் வையுங்கள், சாயங்காலம் உள்ளே எடுங்கள். அதிலும் மேகமில்லாமல் காற்றும் அசையாத மாலைகளில் மறக்கவே கூடாது. போர்த்த மேகம் இல்லாததால் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடும். முன்னறிவிப்பில் வரும் வெப்பநிலை தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் வாக்கில் அளந்தது. அது 3 பாகை என்று காட்டும் இரவில் தொட்டி இருக்கும் தரைமட்டத்தில் உறைபனி படிந்திருக்கலாம்.