சிங்கப்பூரில் நகரத்தை விட்டு வெளியே போகாமலேயே மழைக்காடு பார்க்க முடியுமா? அறுபதைத் தாண்டிய அப்பா அம்மாவும் கூட வருகிறார்கள்.

முடியும். டவுன்டவுன் ரயில் தடத்தில் ஏறி பியூட்டி வேர்ல்ட் நிலையத்தில் இறங்குங்கள். அங்கிருந்து கால்மணி நேரம் நடந்தால் புக்கித் தீமா இயற்கை வனப்பகுதியின் வாசல். காலை 7 மணிக்குத் திறந்து மாலை 7 மணிக்கு மூடுவார்கள். கட்டணம் கிடையாது. அரை நாள் தாராளம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே வருகிறவர்கள் பலரும் தார்ச்சாலையில் விறுவிறுவென்று உச்சிக்கு ஏறி, உயரம் பொறித்த பாறை முன்னால் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். சிங்கப்பூரிலேயே உயரமான குன்று என்று பெயர்தானே தவிர, மொத்த உயரம் 163 மீட்டர். (காட்டின் பரப்பும் ஏறக்குறைய 163 ஹெக்டேர், அதனால் எனக்கு இரண்டும் மறப்பதில்லை.) சுற்றிலும் மரங்கள் மறைப்பதால் உச்சியில் பெரிய காட்சி எதுவும் கிடைக்காது. பார்க்க வேண்டியதெல்லாம் வழியில்தான் இருக்கிறது.

சாலையிலிருந்து பிரியும் காட்டுப்பாதையில் திரும்பிய உடனே வெளிச்சம் மங்கிவிடும். செராயா மரங்கள் கிளையே இல்லாமல் நெடுநெடுவென்று மேலே போகும். கழுத்து வலிக்க அண்ணாந்தால்தான் இலை தெரியும். கீழே பிரம்பு படர்ந்திருக்கும். அதன் மெல்லிய கொடியில் பின்னோக்கி வளைந்த முட்கள் வரிசையாக இருக்கும், சட்டையில் மாட்டினால் இழுக்காதீர்கள், ஓரடி பின்னால் வந்தால் தானே விட்டுவிடும். துடுப்புவால் கரிச்சான் பறந்தால் கவனியுங்கள், வால் நுனியில் தொங்கும் இரண்டு துடுப்புகளால், தன்னை இரண்டு வண்டுகள் துரத்துகிற மாதிரியே போகும். மரத்துக்கு மரம் காற்றில் சறுக்கிப் போகும் கொலுகோ என்ற விலங்கைப் பார்க்க அதிர்ஷ்டமும் பொறுமையும் வேண்டும். பகலில் அடிமரத்தோடு அப்பிக்கொண்டு தூங்கும். பட்டையில் ஏதோ பாசி என்று நினைத்துக் கடந்துவிடுவோம்.

இத்துனூண்டு காட்டில் என்ன இருந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். 1854-ல் இங்கே வந்து தங்கிய ஆங்கிலேய இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் இரண்டே மாதத்தில் சுமார் 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். அவர் காலத்தில் புலியும் இருந்தது, புலிக்கு வெட்டிய குழிகளும் இருந்தன. புலி போய்விட்டாலும் காடு இன்னும் ஆளை ஏமாற்றுகிறது. சிங்கப்பூரைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு நன்னீர் நண்டு இங்குள்ள ஓடையில் இருப்பது 1986-ல்தான் தெரியவந்தது. ஏறக்குறைய அதே சமயத்தில்தான் புக்கித் தீமா விரைவுச்சாலையைப் போட்டு, இந்தக் காட்டைப் பக்கத்துப் பெரிய காட்டிலிருந்து துண்டித்தார்கள். அப்புறம் 2013-ல் சாலைக்கு மேலேயே மண் கொட்டி மரம் நட்டு, விலங்குகள் கடக்க ஒரு பாலம் கட்டினார்கள். எறும்புத்தின்னிகூட அதைப் பயன்படுத்துகிறது. மனிதர்களுக்கு அனுமதி இல்லை, நியாயம்தான்.

பாதையை விட்டு இறங்க வேண்டாம். கூட்டம் மிதித்து மிதித்து மண் கரைந்துபோய், 2014 முதல் 2016 வரை இந்த இடத்தைச் சீரமைப்புக்காக மூட வேண்டியிருந்தது.

குரங்குகள் விஷயத்தில் உஷார். பிளாஸ்டிக் பை என்றாலே தீனி என்று அவற்றுக்குத் தெரியும், கையில் தொங்கவிட்டுப் போனால் பிடுங்கிவிடும். எல்லாவற்றையும் முதுகுப்பையில் போட்டு ஜிப்பை மூடுங்கள். பாவம் என்று வாழைப்பழம் கொடுத்தால் அபராதம், ஆயிரக்கணக்கான வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை போகலாம்.

சரி, அப்பா அம்மா. தார்ச்சாலைதானே என்று நம்பாதீர்கள், தொடக்கத்திலேயே செங்குத்தாக ஏறும், முட்டிவலிக்காரர்களுக்கு இறக்கம் இன்னும் மோசம். அவர்களை அடிவாரத்தை ஒட்டியே இருக்கும் ஹிண்டீட் பூங்காவுக்கு அழைத்துப் போங்கள். பழைய கருங்கல் குவாரி, இப்போது நீர் நிரம்பிக் குளமாகக் கிடக்கிறது, பாதையும் எளிது. நீங்கள் மட்டும் மேலே போய் வரலாம். காலை ஏழு, ஏழரைக்குள் தொடங்கிவிடுங்கள். மதியத்துக்கு மேல் இடி மழை பிடித்தால் படிகள் வழுக்கும். கழிப்பறைக்கு அடிவாரத்திலேயே போய்விட்டு, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீராவது எடுத்துக்கொள்ளுங்கள்.