அப்பா ஏன் கட்டிலில் படுப்பதில்லை?

கேள்வி: அப்பாவுக்கு வயது 63. பதினாறு வருடமாகச் சர்க்கரை, பத்து வருடமாக பி.பி. கிரியேட்டினின் (கிட்னி பலவீனமானால் இரத்தத்தில் ஏறும் கழிவு) மூன்று வருடமாக 1.8-லேயே நின்றிருந்தது. இரண்டு மாதம் முன்பு தங்கையின் விவாகரத்து வழக்கு விஷயத்தை நான்தான் அவரிடம் சொன்னேன். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை. தலைவலி, கழுத்துவலி என்கிறார். அத்தை தன்னுடைய மூட்டுவலி மாத்திரையில் தினமும் ஒன்று கொடுக்கிறார். ராத்திரி அடிக்கடி எழ வேண்டியிருக்கிறது என்று நீர் மாத்திரையை அப்பாவே நிறுத்திவிட்டார். பத்து நாளாகக் கட்டிலில் படுக்காமல் திண்ணையில் சாய்வு நாற்காலியிலேயே தூங்குகிறார். நடுராத்திரியில் எழுந்து வாசலில் போய் நிற்கிறார். உடம்புச் சூட்டுக்கு தினமும் இளநீர். போன வாரம் கிரியேட்டினின் 2.4. சிறுநீரில் நுரை, இடுப்பு வலி, முடி கொட்டுவது எல்லாம் இருக்கிறது. கவலையும் பயமும் நேராகக் கிட்னியைத் தாக்கும் என்று வாட்ஸ்அப்பில் வீடியோ வந்தது. "நீ வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அண்ணன் நன்றாக இருந்திருப்பார்" என்கிறார் அத்தை. அடுத்த மாதம் கோர்ட் தேதி. அதை அவரிடம் சொல்லலாமா? அப்பா டயாலிசிஸுக்குப் போய்விடுவாரா?
– வாசகி, அரியலூர் மாவட்டம்

பதில்: வரிசையில் இருந்த மற்ற கடிதங்களைத் தள்ளி வைத்துவிட்டு உங்களுக்கு முதலில் எழுதுகிறேன். மேலே படிப்பதற்கு முன் அப்பாவிடம் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "ஏம்ப்பா கட்டில்ல படுக்க மாட்டேங்கறீங்க? நினைப்பு வந்து தூக்கம் போகுதா, இல்ல படுத்தா மூச்சு முட்டுதா?"

மூச்சு முட்டுகிறது என்று சொன்னால் இன்றைக்கே மருத்துவமனை. விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உட்கார்ந்திருக்கும்போதே திணறினால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கடிதத்தில் இத்தனை தொந்தரவுகளை எழுதிய நீங்கள், சாய்வு நாற்காலியைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. கவலையில் தூக்கம் வராத மனிதர் கட்டிலில் புரள்வார், மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். பத்து நாளாகப் படுக்கையையே தவிர்த்து, சாய்ந்த நிலையில் மட்டும் தூங்கி, நடுராத்திரியில் எழுந்து காற்றுக்காக வாசலுக்குப் போகிறவரைப் பார்த்தால் எனக்கு நுரையீரலில் நீர் கோத்திருக்குமோ என்ற சந்தேகம்தான் வரும். பகலில் காலில் தேங்கும் நீர், படுத்ததும் நெஞ்சுப் பக்கம் திரும்பி வரும். படுத்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் மூச்சு அடைக்கும், எழுந்து நின்றால் இறங்கிவிடும். இப்படி வருகிறவர்களில் பாதிப்பேர் என்னிடம் மூச்சுத்திணறல் என்ற வார்த்தையையே சொல்வதில்லை. "மனசு பாரமா இருக்கு டாக்டர், காத்து பத்தலை" என்பார்கள். வீட்டில் ஒரு துக்கமும் நடந்திருந்தால் சுற்றியிருப்பவர்கள் அதை அப்படியே நம்பிவிடுவார்கள்.

அப்பாவின் முழங்காலுக்குக் கீழே, எலும்பின் மேல் கட்டைவிரலால் பத்து எண்ணும்வரை அழுத்திவிட்டு எடுங்கள். குழி விழுந்து நிற்கிறதா? செருப்பு வார் தடம் காலில் பதிந்திருக்கிறதா? சாப்பாடு குறைந்தும் எடை கூடியிருக்கிறதா? ஒரு வாரத்தில் இரண்டு மூன்று கிலோ ஏறினால் அது சதை அல்ல, நீர். வீக்கமே இல்லாவிட்டாலும் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்ற ஒன்று போதும், கிளம்பிவிடுங்கள். சிறுநீரகமா இதயமா என்று அங்கே பார்த்துக்கொள்வார்கள்.

சரி, இப்போது நீங்கள் உண்மையில் கேட்க வந்ததற்கு வருகிறேன். அப்பாவின் கிட்னியை நீங்கள் கெடுக்கவில்லை.

ஒரு செய்தியைக் கேட்டதால் மட்டும் 1.8 என்பது 2.4 ஆகாது. பெரும் துக்கத்தில் இதயத் தசை திடீரெனத் தளர்ந்துபோவது உண்டு. 1990-ல் ஜப்பானிய மருத்துவர்கள் அதை விவரித்து, அங்கே ஆக்டோபஸ் பிடிக்கும் பானையின் பெயரை அதற்கு வைத்தார்கள். சிறுநீரகத்துக்கு அப்படி ஒரு வியாதி கிடையாது.

அதற்காக மன அழுத்தம் ஒன்றுமே செய்யாது என்று சொல்ல வரவில்லை. மனம் கொதிக்கும்போது அட்ரினலினும் கார்ட்டிசாலும் ஏறுகின்றன, கூடவே பி.பி.யும் சர்க்கரையும் ஏறும். சிறுநீரகத்துக்குப் போகும் நரம்புகள் அதன் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, உப்பைப் பிடித்துவைக்கச் சொல்லும். நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு இது வந்து போகிற அலை. ஏற்கனவே பழுதானவருக்கு அந்த அலை இறங்கத் தாமதமாகும். 1995-ல் கோபே நகரை உலுக்கிய நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்கிருந்த பி.பி. நோயாளிகளைக் கவனித்திருக்கிறார்கள். பெரும்பாலோருக்கு ஏறிய அழுத்தம் சில வாரங்களில் இறங்கிவிட்டது. சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் போகிறவர்களுக்கு மட்டும் அது நீண்டுகொண்டே போனது. அப்பா இந்த இரண்டாவது வகை. அதனால் இந்த இரண்டு மாதத்தில் அவருடைய பி.பி.யை வீட்டில் யாராவது பார்த்தீர்களா என்று கேட்கிறேன். கடிதத்தில் ஒரு பி.பி. எண்கூட இல்லை. கையில் சுற்றுகிற கருவி ஒன்று வாங்குங்கள் (மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம்). காலையும் மாலையும், ஐந்து நிமிடம் உட்காரவைத்துவிட்டு எடுத்து, ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். அவரைப் போன்றவருக்கு 130/80-க்குள் இருந்தால் நல்லது.

ஆனால் நான் பார்த்தவரை, கவலை சிறுநீரகத்தைப் போய்ச் சேர்வது பெரும்பாலும் கை வழியாகத்தான். எந்த மாத்திரையை நிறுத்துகிறது, எதை எடுத்து வாயில் போடுகிறது அந்தக் கை? உங்கள் வீட்டில் நீர் மாத்திரை நின்றது, வலி மாத்திரை வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில்.

அத்தையின் மாத்திரை அட்டையைப் பின்பக்கம் திருப்பி, பொடி எழுத்தைப் படியுங்கள். டைக்ளோபினாக், அசிக்ளோபினாக், ஐபுபுரூபன், நேப்ராக்சன், எட்டோரிகாக்சிப் இவற்றில் ஒன்று இருக்கும் என்று நினைக்கிறேன். பல அட்டைகளில் இதோடு பாராசிட்டமாலும் சேர்ந்திருக்கும். "பாராசிட்டமால்தானே டாக்டர்" என்று எத்தனையோ பேர் என்னிடம் வாதாடியிருக்கிறார்கள், அடுத்த பெயரை அவர்கள் படிப்பதே இல்லை. பழுதான சிறுநீரகம், தனக்குள் வரும் சின்ன இரத்தக் குழாயை விரித்துவைத்துக்கொள்ள ஒரு வேதிப்பொருளைச் சுரந்து சமாளித்துக்கொண்டிருக்கிறது. இந்த வலி மாத்திரைகள் அதைத் தடுத்துவிடும். குழாய் சுருங்கும், வடிகட்டுவது குறையும், உப்பும் நீரும் உடம்பிலேயே தங்கும், பி.பி. ஏறும். அப்பா பி.பி.க்கு டெல்மிசார்ட்டானோ லோசார்ட்டானோ சாப்பிடுகிறவராக இருந்தால் அடி இன்னும் பலமாக விழும். இந்த நிலையில் நீர் மாத்திரையையும் நிறுத்தினால் தண்ணீர் எங்கே போகும்? சாய்வு நாற்காலிக்கு அப்பாவை அனுப்பியது இதுவாக இருக்கலாம். தலைவலியே ஏறிய பி.பி.யால் வந்ததாகக்கூட இருக்கலாம். அதற்கு பி.பி.யை ஏற்றுகிற மாத்திரையைக் கொடுத்திருக்கிறீர்கள்.

இன்றோடு அதை நிறுத்துங்கள். வலிக்கு, தனி பாராசிட்டமால், அதுவும் உங்கள் மருத்துவர் சொல்லும் அளவில். நீர் மாத்திரையை நீங்களாகத் திரும்ப ஆரம்பிக்காமல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரவுத் தொந்தரவுக்குப் பயந்து நிறுத்தினார் என்றால், காலையில் சாப்பிடும்படி மாற்றிக் கொடுப்பார். இத்தனை சின்ன விஷயத்துக்கு இரண்டு மாதம் யாரும் யாரையும் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல்.

இளநீரையும் நிறுத்துங்கள். ஒரு இளநீரில் சுமார் 500 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கும். மேலே சொன்ன வலி மாத்திரைகளும், டெல்மிசார்ட்டான், லோசார்ட்டான் மாத்திரைகளும் பொட்டாசியத்தைத் தேக்குபவை. அது அளவு மீறினால் சொல்லாமல் கொள்ளாமல் இதயத் துடிப்பைக் குலைக்கும். மருத்துவமனையில் கிரியேட்டினினோடு பொட்டாசியமும் ஈ.சி.ஜி.யும் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார் என்றால் அதையும் எடுத்துக் காட்டுங்கள், இந்த கிரியேட்டினினுக்கு அதைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டியிருக்கும்.

மற்றவை சீக்கிரம் முடிந்துவிடும். நுரை என்பது புரதம், பல வருடச் சர்க்கரையில் எதிர்பார்த்ததுதான், அதை ஆல்புமின் பரிசோதனையில் அளந்தால் போதும். நுரையை டம்ளரில் பிடித்து படம் எடுக்க வேண்டாம். இடுப்பு வலி பெரும்பாலும் கிட்னி வலி அல்ல. 63 வயதில் முடி கொட்டுவதற்கு என்னிடம் வைத்தியமும் இல்லை, கவலையும் இல்லை. "பயம் கிட்னியைத் தாக்கும், கோபம் கல்லீரலைத் தாக்கும்" என்ற வீடியோவின் மூலம் பழைய சீன வைத்தியம். அவர்கள் சொல்லும் 'கிட்னி'க்கும் நாம் கிரியேட்டினின் பார்க்கும் உறுப்புக்கும் சம்பந்தம் பெயர் மட்டும்தான். அடுத்தது கிரியேட்டினினைக் குறைக்கும் கஷாய வீடியோ வரும். வந்ததும் அழித்துவிடுங்கள்.

டயாலிசிஸ்? அப்பாவின் கிட்னி வடிகட்டும் திறன் (லேப் ரிப்போர்ட்டில் eGFR) 42 அளவில் இருந்தது, இப்போது 30-ஐ ஒட்டி வந்திருக்கிறது. டயாலிசிஸ் பற்றிய பேச்சு வழக்கமாக 15-க்குக் கீழேதான் வரும், அப்போதும் எண்ணைவிடத் தொந்தரவுகளை வைத்துத்தான் முடிவெடுப்போம். வலி மாத்திரையால் வந்த சரிவு, அதை நிறுத்தினால் சில நாட்களிலோ சில வாரங்களிலோ முழுதாகவோ பாதியாகவோ மீண்டு வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எவ்வளவு மீளும் என்று இங்கிருந்து சொல்ல முடியாது. அடுத்த பரிசோதனையை அதே லேபில் கொடுங்கள், முந்தின இரவு கறி விருந்து வேண்டாம். 0.1, 0.2 ஏறி இறங்குவதற்கெல்லாம் அலற வேண்டியதில்லை. 0.6 அப்படியல்ல.

இன்னொரு விஷயம். பசியின்மை, களைப்பு, யாரோடும் பேசாமல் இருப்பது எல்லாம் மனச்சோர்விலும் வரும், இரத்தத்தில் யூரியா ஏறினாலும் வரும், இரத்தசோகையிலும் வரும். முகத்தைப் பார்த்து நானே பிரிக்க முடியாது, அத்தையால் எப்படி முடியும்? இரத்தப் பரிசோதனை முடிந்ததும் மனதையும் பார்க்கச் சொல்லுங்கள். நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளில் நாலைந்து பேரில் ஒருவருக்கு மனச்சோர்வு இருக்கிறது, அதற்கு ஏற்ற மருந்துகளும் இருக்கின்றன. மெடிக்கல் கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். "நான் இருந்து என்ன செய்யப் போறேன்" என்ற பேச்சு வந்தால் காதில் விழாததுபோல் நகராதீர்கள், உட்கார்ந்து கேளுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவிலும் பேசலாம்.

கோர்ட் தேதியைச் சொல்லுங்கள். முதலில் மூச்சு சீராகட்டும், அப்புறம் ஒரு காலை வேளையில், பலகாரமும் மாத்திரையும் ஆனபிறகு, தங்கையையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு. வீட்டில் எல்லோரும் அடுப்படியில் குசுகுசுவென்று பேசிவிட்டு அவர் வந்ததும் நிறுத்தினால், அவர் கோர்ட் தேதியைவிட மோசமான எதையாவது கற்பனை செய்துகொள்வார். பெண்ணின் வாழ்க்கையைப் பற்றித் தகப்பனுக்குத் தெரியக்கூடாது என்று எந்த மருத்துவப் புத்தகத்திலும் இல்லை.

அத்தையிடம் இதைக் காட்டுங்கள், ஆனால் இதுவரை உங்கள் தலையில் இருந்த பழியை அவர் தலைக்கு மாற்றிவிடாதீர்கள். அண்ணன் தலைவலி என்றதும் தன்னிடம் இருந்ததைக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். அவர் அந்த மூட்டுவலி மாத்திரையை எத்தனை வருடமாகச் சாப்பிடுகிறார் என்று கேளுங்கள். அப்பாவோடு அவரையும் அழைத்துப் போய் ஒரு கிரியேட்டினின் பார்த்துவிடுங்கள்.