பரிசுக்கு இரண்டு இடம் முன்னால்: போக்கர் டோர்னமென்டில் எப்போது ஆல்-இன் போவது?

கேள்வி: கலிபோர்னியாவில் வசிக்கிறேன். வார இறுதிகளில் உள்ளூர் கார்டு ரூமில் 150 டாலர் கட்டி நோ-லிமிட் ஹோல்டெம் டோர்னமென்ட் ஆடுகிறேன். 20 நிமிடத்துக்கு ஒருமுறை பிளைண்ட் (ஒவ்வோர் ஆட்டத்திலும் இருவர் முன்கூட்டியே வைக்கவேண்டிய கட்டாயப் பந்தயம்) ஏறும். பெரும்பாலும் பரிசு வரிசைக்கு இரண்டு மூன்று இடம் முன்னால் வெளியேறிவிடுகிறேன். சென்ற முறை என்னிடம் 12 பிக் பிளைண்ட் (இரண்டில் பெரிய பிளைண்டைப்போல 12 மடங்கு சிப்ஸ்) இருந்தது. என்னைவிட அதிக சிப்ஸ் வைத்திருந்தவர் ஆல்-இன் போனார் (கையிலுள்ள சிப்ஸ் முழுவதையும் பந்தயம் வைத்தார்). ஏஸ்-ஜாக் இருந்ததால் ஏற்றேன். அவர் ஒன்பது ஜோடியை, அதாவது இரண்டு ஒன்பதைக் காட்டினார். நல்ல சீட்டுக்குக் காத்திருந்து ஆடுவது தவறா? வெளியேறினால் மறுபடி பணம் கட்டி நுழையலாமா?

பதில்: ஏஸ்-ஜாக் நல்ல சீட்டுதான். அதே சீட்டோடு நீங்கள் முந்திக்கொண்டு ஆல்-இன் போயிருந்தால் சரியென்றே சொல்வேன். இன்னொருவரின் ஆல்-இன்னை அதை நம்பி ஏற்றதுதான் பிழை. உங்கள் கேள்விக்கான விடை பெரும்பாலும் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். மேசையில் நான்கு பேர், நால்வரிடமும் சமமான சிப்ஸ். பரிசு மூன்று பேருக்கு மட்டும்: 50, 30, 20 டாலர். இந்த நிலையில் ஒவ்வொருவருடைய சிப்ஸின் மதிப்பும் 25 டாலர். நீங்கள் ஒருவருடைய ஆல்-இன்னை ஏற்று வென்றால் சிப்ஸ் இருமடங்காகும். ஆனால் அதன் மதிப்பு 50 டாலர் ஆகாது. மீதிப் பரிசுகள் மற்ற இருவருக்கும் போய்ச் சேரவிருப்பதால், உங்கள் பங்கு சுமார் 38 டாலரில் நின்றுவிடும். தோற்றாலோ 25 டாலரும் போய்விடும். ஆகவே, பிளைண்டைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், நூற்றுக்கு 65 முறை வெல்லக்கூடிய சீட்டு இருந்தால்தான் ஏற்பது லாபம். பணத்துக்கு நேரடியாக ஆடும் கேஷ் கேமில் இதற்கு 50 போதும்.

இப்போது உங்கள் ஏஸ்-ஜாக்குக்கு வருவோம். எதிரே இருப்பவர் சீட்டைப் பார்க்காமலே ஆல்-இன் போனதாக வைத்துக்கொண்டாலும், வெவ்வேறு இனமான ஏஸ்-ஜாக் நூற்றுக்கு 64 முறைதான் வெல்லும். ஒன்பது ஜோடிக்கு எதிரே அது சுமார் 45. ஏஸ்-குயினுக்கு எதிரே 30-ஐக்கூடத் தொடாது. உங்கள் மேசை இந்த மாதிரிக் கணக்கைப்போல அவ்வளவு இறுக்கமாக இருந்திருக்காது என்பது உண்மை. ஆனாலும் பரிசு வரிசைக்கு அருகில் கணக்கு சாய்வது இந்தப் பக்கமாகத்தான்.

முதலில் ஆல்-இன் போகிறவருக்கு வெல்ல இரண்டு வழி உண்டு: எல்லோரும் சீட்டைப் போட்டுவிட்டு அந்த ஆட்டத்திலிருந்து விலகலாம், அல்லது ஒருவர் ஏற்று அவரிடம் வெல்லலாம். ஏற்பவருக்கு இரண்டாவது வழி மட்டுமே.

அதற்காகக் காத்திருந்தால் போதும் என்று எண்ணிவிட வேண்டாம். உங்கள் டோர்னமென்டில் காத்திருப்பதற்கு விலை அதிகம். பிளைண்ட் 500/1000, பிக் பிளைண்டில் இருப்பவர் கட்டும் ஆன்டி (கூடுதல் கட்டாயப் பந்தயம்) 1000 என்றால் ஒரு சுற்றுக்கு 2,500 சிப்ஸ் போகும். நேரடி மேசையில் டீலர் மணிக்கு 25, 30 ஆட்டம்தான் கொடுப்பார். 20 நிமிடத்தில் ஒன்பது பேர் கொண்ட மேசையில் ஏறத்தாழ ஒரு சுற்று. 12,000 சிப்ஸுடன் ஒரு சுற்று சும்மா இருந்தால் 9,500 மிஞ்சும்; அதற்குள் பிக் பிளைண்ட் 1,200 ஆகியிருக்கும். உங்களிடம் இருப்பது எட்டு பிக் பிளைண்ட்கூட இல்லை. மூன்று பிக் பிளைண்டாகச் சுருங்கிய பிறகு ஆல்-இன் போனால் பயந்து சீட்டைப் போட யாரும் இருக்க மாட்டார்கள்.

அதனால் 12 இருக்கும்போதே போங்கள். பட்டனில் (உங்களுக்குப் பின்னால் பிளைண்ட் கட்டிய இருவர் மட்டுமே இருக்கும் இடத்தில்) அமர்ந்திருக்கிறீர்கள், உங்கள் முறை வரும்வரை யாரும் நுழையவில்லை என்றால் எந்த ஜோடியும், எந்த ஏஸும், கிங்-குயின், கிங்-ஜாக் போன்றவையும் போதும். நடுவில் கிடக்கும் 2,500-ஐ எடுத்தாலே கையிருப்பு ஐந்தில் ஒரு பங்கு உயரும். முதலில் பேசும் இடத்தில் அமர்ந்திருந்தால் பின்னால் எட்டுப் பேர் காத்திருக்கிறார்கள். எட்டு ஜோடிக்கு மேல், ஏஸ்-ஜாக்குக்கு மேல் என்று சுருக்கிக்கொள்ளுங்கள்.

சீட்டைவிட எதிரே யார் என்பதைக் கவனியுங்கள். நடுத்தர சிப்ஸ் வைத்திருப்பவருக்குத்தான் வெளியேறும் பயம் அதிகம். அவர் பிளைண்டைக் குறிவையுங்கள். குவித்து வைத்திருப்பவர் ஏற்கத் தயங்க மாட்டார். ஒன்றிரண்டு பிளைண்ட் மட்டும் மிஞ்சியவருக்கோ இழக்க ஏதுமில்லை. அப்படிப்பட்டவர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தால், அவர்கள் வெளியேறும்வரை நீங்களும் சற்று அடங்கி ஆடலாம்.

சாட்டிலைட் டோர்னமென்ட் மட்டும் முற்றிலும் வேறு. 2003-இல் கிறிஸ் மனிமேக்கர் இணையத்தில் 86 டாலர் சாட்டிலைட்டில் தொடங்கி, 10,000 டாலர் கட்டணமுள்ள உலகப் போக்கர் தொடரின் (World Series of Poker) முதன்மைப் போட்டியில் இடம் பிடித்து, 25 லட்சம் டாலர் வென்றார். அத்தகைய ஆட்டத்தில் பரிசு என்பது அடுத்த போட்டிக்கான இடம். முதலாவதாக வந்தவருக்கும் பத்தாவதாக வந்தவருக்கும் ஒரே இடம்தான். பத்து இடத்துக்குப் பதினொரு பேர் மிஞ்சி, உங்களிடம் போதிய சிப்ஸ் இருந்தால் ஏஸ் ஜோடியைக்கூடப் போட்டுவிடலாம். உங்கள் வார இறுதி ஆட்டத்தில் இந்தக் குணத்தைக் கொண்டுவராதீர்கள். அங்கே பணம் மேல் இடங்களில் குவிந்திருக்கிறது. கடைசிப் பரிசுக்காகவே ஒடுங்கி ஆடினால் கட்டணத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் திரும்பும்.

மறுநுழைவு பற்றி: புதிதாகக் கிடைக்கும் சிப்ஸை அப்போதைய பிக் பிளைண்டால் வகுத்துப் பாருங்கள். 20 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆட இடமிருக்கிறது. பத்துக்கும் குறைவென்றால் நீங்கள் வாங்குவது ஓர் ஆல்-இன் வாய்ப்பை மட்டும்தான். ஒவ்வொரு முறையும் கட்டணத்தில் ஒரு பங்கு கார்டு ரூமுக்குப் போகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நன்றாக ஆடுகிறவர்களும் பல டோர்னமென்ட் தொடர்ந்து வெறுங்கையோடு திரும்புவது இந்த ஆட்டத்தில் வழக்கம். அதனால் இரண்டாவது 150 டாலர் உண்டா இல்லையா என்பதை வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே முடிவு செய்யுங்கள். வெளியேறிய கோபத்தில் கவுண்டரில் நின்று முடிவெடுக்க வேண்டாம்.